கடலோர வீட்டுத் தங்கலும் ‘பத்து இடம்’ பேக்கேஜும்

கேள்வி: நாங்கள் கரூர். நான், கணவர், மகன், மாமியார் என்று நாலு பேர். தை மாதத்தில் ஒரு வெள்ளி, சனி தரங்கம்பாடியில் ஹோம்ஸ்டே ஒன்றில் அறை போட்டிருக்கிறோம். காலை டிபன் வாடகையிலேயே சேர்த்தி. வீட்டுக்காரர் ‘சைட்சீயிங் பேக்கேஜ்’ என்று பத்து இடம் எழுதி அனுப்பி, 13,000 ரூபாயை முழுவதும் முன்கூட்டியே கட்டச் சொல்கிறார். வெள்ளியன்று கோட்டை, மாசிலாமணிநாதர் கோயில், பழைய தேவாலயம், திருக்கடையூர், பூம்புகார். சனியன்று காரைக்கால், திருநள்ளாறு, நாகூர், வேளாங்கண்ணி, கோடியக்கரை. மயிலாடுதுறையில் ஒரு டிராவல்ஸில் விசாரித்தேன். கிலோமீட்டருக்கு 14 ரூபாய், நாளுக்கு மினிமம் 250 கி.மீ., டிரைவர் பேட்டா 500 என்றார்கள். எதை எடுப்பது?

பதில்: முதலில் அந்தப் பட்டியலை ஒரு பென்சிலோடு உட்கார்ந்து பாருங்கள். பத்தில் முதல் மூன்று இடங்களுக்கு வண்டியே வேண்டாம். டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டத் தொடங்கிய கோட்டை, கடலை ஒட்டிய மாசிலாமணிநாதர் கோயில், 1718-இல் எழுந்த புதிய எருசலேம் தேவாலயம் எல்லாம் ஒரே கடற்கரை ஊருக்குள் நடை தூரத்தில் இருக்கின்றன. மாமியாருக்கு முட்டி வலி என்றால் ஒரு ஆட்டோ போதும். வீட்டு வாசலில் இருந்து நடந்து பார்ப்பதை ‘இடம்’ என்று எண்ணிக் காசு வாங்குவது சரியில்லை என்று வீட்டுக்காரரிடம் நேராகவே சொல்லலாம், தப்பில்லை.

அடுத்தது கிழமை. கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. நீங்கள் கோட்டைக்குப் போவதாகப் போட்டிருப்பதே வெள்ளிதான். சனிக்கிழமை திருநள்ளாறில் சனி பகவானைப் பார்க்க வரும் கூட்டத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அன்றே கோடியக்கரையும் என்றால் வரிசையில் நின்றே பொழுது போய்விடும். இரண்டு நாளையும் அப்படியே இடம் மாற்றுங்கள். நீண்ட பயணம் வெள்ளி, ஊரும் அக்கம்பக்கமும் சனி. ஒரு ரூபாய் செலவில்லாமல் இரண்டு சிக்கலும் தீரும். பூம்புகார் சிலப்பதிகாரக் கலைக்கூடம் 1973-இல் திறந்தது. சமீப காலத்தில் அங்கே புனரமைப்பு வேலை நடந்ததால், எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெள்ளியன்று விடியற்காலை 5 மணிக்கே கிளம்பி நேராகக் கோடியக்கரைக்குப் போய்விடுங்கள். தரங்கம்பாடியில் இருந்து 100 கி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. வெளிமான்கள் காலை இளவெயிலில் புல்வெளிக்கு வரும், தை மாதம் என்பதால் வலசைப் பறவைகளும் இருக்கும். பேக்கேஜில் அதைக் கடைசியில் போட்டிருக்கிறார்கள். மாலை இருட்டும் நேரத்தில் சரணாலய வாசலில் போய் நின்றால் திரும்பி வர வேண்டியதுதான். காலையிலேயே அதைப் பார்த்துவிட்டு, வரும் வழியில் வேதாரண்யத்தை ஒட்டிய அகஸ்தியம்பள்ளியில் உப்பு சத்தியாகிரக நினைவுத்தூணில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியில் இருந்து நடந்து வந்து உப்பு அள்ளியது வேதாரண்யத்தில்தான். உங்கள் பட்டியலில் இது இல்லை, ஆனால் பள்ளியில் படிக்கும் பிள்ளை இருக்கும் வீடு இதைத் தாண்டிப் போகக் கூடாது. பிறகு வேளாங்கண்ணி. நாகூர் தர்காவில் வெள்ளி மதியத் தொழுகைக்குக் கூட்டம் சேரும், அதனால் 3 மணிக்கு மேல் போங்கள். கோயில்கள் மதியம் மூடி 4 மணிவாக்கில்தான் நடை திறக்கும் என்பதால் காரைக்காலும் திருநள்ளாறும் மாலையில் தானாகப் பொருந்திக்கொள்ளும். உடம்பு ஒத்துழைக்காவிட்டால் காரைக்காலை விட்டுவிடுங்கள்.

இனி காசு. டிராவல்ஸ்காரரிடம் நீங்கள் கேட்க மறந்த கேள்வி ஒன்று இருக்கிறது: கிலோமீட்டர் எங்கிருந்து எண்ணப்படும்? ‘ஷெட் டு ஷெட்’ என்பார்கள். வண்டி மயிலாடுதுறை ஷெட்டில் இருந்து உங்களிடம் வந்து, உங்களை இறக்கிவிட்டுத் திரும்பிப் போகும் தூரமும் உங்கள் கணக்கு. அதுவே சுமார் 60 கி.மீ. சேர்த்து எண்ணினால் வெள்ளிக்கு 270 கி.மீ. வரும். 3,780, பேட்டா 500, ஆக 4,280 ரூபாய். சனியன்று திருக்கடையூர், பூம்புகார் போய்வர 50 கி.மீ.க்குள்தான் ஆகும். அதற்கு 250 கி.மீ. மினிமம் கொடுப்பதே அநியாயம். அப்படிக் கொடுத்தாலும் 4,000 ரூபாய்தான். இரண்டு நாளும் சேர்த்து 8,280. பேக்கேஜுக்கும் இதற்கும் 4,720 ரூபாய் வித்தியாசம். சனிக்கிழமை காருக்குப் பதில் ஆட்டோவைப் பேசிக்கொண்டாலோ பஸ்ஸில் போனாலோ இன்னும் மிச்சம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் திருக்கடையூருக்குப் பஸ் இருக்கிறது, தூரம் 8 கி.மீ. அளவுதான்.

வீட்டுக்காரர் உங்களை ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. 13,000-இல் மதியச் சாப்பாடு, நுழைவுச்சீட்டு, கூட வருகிற ஆள் எல்லாம் அடங்கி இருக்கலாம். என்னென்ன அடக்கம் என்று வாட்ஸ்அப்பில் எழுதித் தரச் சொல்லுங்கள். பார்க்கிங், டோல் யார் தலையில் என்பதும் அதில் இருக்கட்டும். நாகூர் போகிற வழி காரைக்கால் வழியாகப் போகிறது, அது புதுச்சேரி யூனியன் பிரதேசம். வாடகை வண்டிக்கு பெர்மிட் செலவு என்று பாதி வழியில் பேச்சு எழாமல் முன்பே முடித்துக்கொள்ளுங்கள். பேக்கேஜே எடுப்பதாக இருந்தாலும் முழுப்பணத்தை முன்னால் கட்டாதீர்கள். கால்வாசி கொடுத்துவிட்டு மீதியை அன்றன்று மாலை கொடுக்கலாம்.

ஒரு அனுபவம் சொல்கிறேன். இதே கரையில் வாடகைக் கார் எடுத்தபோது ஏறியதும் மீட்டரைப் போனில் படம் எடுத்தேன். டிரைவர் முகம் சுருங்கியது. இரவு இறங்கும்போது அவர் சொன்ன கணக்குக்கும் படத்துக்கும் 38 கி.மீ. இடித்தது. படத்தைக் காட்டினேன், மறுபேச்சு இல்லாமல் குறைத்துக்கொண்டார். ஏறும்போது ஒரு படம், இறங்கும்போது ஒரு படம் எடுங்கள். அதை டிரைவர் பார்க்கும்படியே எடுங்கள், ஒளித்து எடுக்க வேண்டாம்.

கேள்வி: நாங்கள் தங்கிய வீட்டில் ‘டிராவல்ஸ் எதற்கு, என் காரிலேயே கூட்டிப் போகிறேன், டீசல் போட்டு இரண்டாயிரம் கொடுங்கள்’ என்றார்கள். வெள்ளை போர்டு வண்டி. ஏறலாமா?

பதில்: ஏறாதீர்கள். வாடகைக்கு ஓட்டும் வண்டிக்கு மஞ்சள் நம்பர் பிளேட் இருக்க வேண்டும். சொந்த உபயோகத்துக்கு என்று பதிந்த காரை வாடகைக்கு ஓட்டுவது பெர்மிட் விதிக்கும் இன்சூரன்ஸ் நிபந்தனைக்கும் எதிரானது. ஒன்றும் ஆகாதவரை நல்லது. எங்காவது மோதிவிட்டால், காசு வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றியதைக் காட்டி காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கப் பார்க்கும். ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது அந்த வழக்கை நடத்துவது நீங்கள்தான். நல்ல மனதோடு கூப்பிட்டிருப்பார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவருக்குத் தெரிந்த மஞ்சள் போர்டு வண்டியை அவரையே பேசிவிடச் சொல்லுங்கள், உறவும் கெடாது.

மீன்பிடி ஃபைபர் படகில் ‘கடலுக்குள் ஒரு ரவுண்டு’ என்றாலும் இதே பதில்தான். அது ஆள் ஏற்றும் படகு அல்ல. லைஃப் ஜாக்கெட் கேட்டால் பல படகில் இருக்காது. படகு ஆசை இருந்தால் சிதம்பரம் தாண்டி பிச்சாவரம் போங்கள். அங்கே சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் கவுன்ட்டர் இருக்கிறது, கட்டணம் போர்டில் எழுதியிருக்கும், ஜாக்கெட் போட்டுத்தான் ஏற்றுவார்கள். துடுப்புப் படகையே எடுங்கள், அலையாத்திக் காட்டின் குறுகலான வாய்க்கால்களுக்குள் நுழைவது அதுதான்.

கேள்வி: நவம்பரில் நாகப்பட்டினம் பக்கம் கடலோர வீடு ஒன்றுக்கு 6,000 ரூபாய் முன்பணம் கட்டினோம். போவதற்கு முந்தின நாள் ரெட் அலர்ட் வந்ததால் போகவில்லை. ‘நோ ரீஃபண்ட்’ என்கிறார்கள். பணம் திரும்புமா?

பதில்: நீங்கள் வெறும் அறை மட்டும் எடுத்து, வீடும் திறந்திருந்து, சாலையும் இருந்து, நீங்களாகப் போகாமல் இருந்திருந்தால் முழுப்பணத்தை உரிமையாகக் கேட்பது கடினம். உள்ளதைச் சொல்கிறேன். ஆனால் வீட்டுக்காரரே ‘வராதீர்கள், கரண்ட் இல்லை’ என்று சொல்லியிருந்தாலோ, வீட்டையே மூடியிருந்தாலோ கதை வேறு. கொடுக்காத சேவைக்கு அவர் பணம் வைத்துக்கொள்ள முடியாது, ‘நோ ரீஃபண்ட்’ என்று எழுதியிருந்தாலும்.

முதலில் தேதியை மாற்றித் தரக் கேளுங்கள். சிறிய வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் இதற்கு ஒத்துக்கொள்வார்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், நாகப்பட்டினத்துக்கு அலைய வேண்டாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணமும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பணம் கட்டிய ரசீது, பேசிய வாட்ஸ்அப், அன்றைய வானிலை எச்சரிக்கை மூன்றையும் அழிக்காமல் வைத்திருங்கள். அடுத்த முறை ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் கரைக்கு வருவதாக இருந்தால், மழைக்கு என்ன நிபந்தனை என்று கேட்ட பிறகே பணம் அனுப்புங்கள்.

கேள்வி: தங்கிய வீட்டில் ஒரு வேளை மீன் சாப்பாட்டுக்கு நாலு பேருக்கு 3,200 ரூபாய் போட்டுவிட்டார்கள். கேட்டால் ‘இன்றைக்கு மீன் விலை அப்படி’ என்கிறார்கள்.

பதில்: காலை டிபன் மட்டும்தான் வாடகையில் வரும், மற்ற வேளை தனிக் கணக்கு. மீன் விலை தினம் ஏறி இறங்குவதும் உண்மைதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாத தடைக்காலத்தில் வஞ்சிரமும் இறாலும் எட்டாத விலைக்குப் போகும். அதனால் சமைத்த பிறகு வாதாடிப் பயனில்லை. காலையில் டிபன் சாப்பிடும்போதே ‘இன்றைக்கு என்ன மீன், தலைக்கு எவ்வளவு’ என்று கேளுங்கள். மத்தியோ சங்கராவோ வந்திருந்தால் அதையே குழம்பு வைக்கச் சொல்லுங்கள். அந்த வீடுகளில் அந்தக் குழம்புதான் நன்றாக இருக்கும்.