ஹோம் தியேட்டருக்கு ப்ரொஜெக்டர் வாங்கலாமா? வாங்கும் முன் எதைச் சோதித்துப் பார்க்க வேண்டும்?

கேட்டவர் 40,000 முதல் 80,000 ரூபாய் வரை செலவழிக்கத் தயார் என்றும், கூடத்தில் 100 அங்குலத்தில் படம் பார்க்க ஆசை என்றும் எழுதியிருக்கிறார். கோவையில் எங்கள் வீட்டு மாடி அறையில் ஆறு வருடமாக ப்ரொஜெக்டர் ஓடுகிறது. இப்போது இருப்பது இரண்டாவது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் காசு செலவில்லாத ஒரு சோதனை. செல்போனில் லக்ஸ் மீட்டர் (ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தை அளப்பது) செயலி ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். எந்தச் சுவரில் படம் விழப்போகிறதோ அந்தச் சுவரில் போனின் முதுகை ஒட்டி, திரைப்பக்கம் அறையைப் பார்க்கும்படி வையுங்கள். நீங்கள் படம் பார்க்கும் நேரத்தில், அப்போது எரியும் விளக்குகளோடு அளக்க வேண்டும். எங்கள் கூடத்தில் ட்யூப் லைட் போட்டு அளந்தபோது 90 சொச்சம் காட்டியது. போனின் அளவு துல்லியமாக இருக்காதுதான், ஆனால் இந்த வேலைக்குப் போதும்.

இப்போது கணக்குக்கு வருவோம். 100 அங்குலத் திரை என்றால் அகலம் 221 செ.மீ., உயரம் 125 செ.மீ., பரப்பு சுமார் 2.76 சதுர மீட்டர். உண்மையிலேயே 1,000 லூமன்ஸ் (மெஷின் வெளியிடும் மொத்த வெளிச்சத்தின் அளவு) தருகிற ப்ரொஜெக்டர் அதில் வெள்ளையைக் காட்டினால் விழும் வெளிச்சம் ஏறக்குறைய 360 லக்ஸ். ஏற்கெனவே அறை வெளிச்சம் 90 இருக்கிறது. அப்படியென்றால் படத்தின் வெள்ளை 450, கறுப்பு 90. ஐந்து மடங்குதான் வித்தியாசம். பெட்டியில் 'கான்ட்ராஸ்ட் 1,00,000:1' என்று போட்டிருந்தாலும் உங்கள் கூடத்தில் கிடைக்கப்போவது 5:1. படத்தில் வரும் இருட்டுக் காட்சிகளில் சாம்பல் பூத்த மாதிரி ஒன்றும் தெரியாமல் போவதற்குக் காரணம் இதுதான்.

ப்ரொஜெக்டரால் வெளிச்சத்தைச் சேர்க்க மட்டும்தான் முடியும். கறுப்பை அதனால் திரையில் போட முடியாது. நீங்கள் பார்க்கிற கறுப்பு என்பது உங்கள் அறையின் இருட்டு. இது எனக்கு உறைக்க மூன்று மாதம் ஆனது.

நான் முதலில் அறையை இருட்டாக்கி, தடித்த திரைச்சீலை போட்டு, ஜன்னல் இடுக்குகளையும் அடைத்தேன். அப்படியும் படம் வெளுத்தே இருந்தது. சுவரும் கூரையும் வெள்ளை என்பதால், திரையில் பட்ட வெளிச்சம் அறை முழுக்கத் தெறித்து மறுபடி திரையிலேயே வந்து விழுந்துகொண்டிருந்தது. கறுப்பு அடிக்கலாம் என்றதும் அம்மா, "வீட்டுக்கு யாராவது கறுப்பு அடிப்பாங்களாடா?" என்று கேட்டார். கடைசியில் கருநீலத்துக்குச் சம்மதித்தார். திரையிலிருந்து ஆறடி தூரத்துக்குக் கூரை, இரண்டு பக்கச் சுவர், திரைக்குப் பின்சுவர் எல்லாம் பளபளப்பில்லாத மேட் பெயின்ட். ஆள்கூலியோடு 7,000 ரூபாய்க்குள் முடிந்தது. அன்றிரவு அதே படத்தைப் போட்டபோது வேறு மெஷின் வாங்கிவிட்டோமோ என்றிருந்தது. இந்த ஆறு வருடத்தில் நான் செய்த செலவுகளில் இதைப்போலப் பலன் கொடுத்தது வேறில்லை.

அறை இருட்டாகிவிட்டால் லூமன்ஸ் பின்னால் ஓடத் தேவையில்லை. டிஜிட்டல் தியேட்டரில் திரை எவ்வளவு பிரகாசமாகத் தெரிய வேண்டும் என்பதற்கான தரமே சதுர மீட்டருக்கு 48 கேண்டலாதான். உங்கள் 100 அங்குலச் சாதாரண வெள்ளைத் திரையில் அதைக் கொண்டுவர 420 லூமன்ஸ் போதும். ஆனால் அது உண்மையான லூமன்ஸாக இருக்க வேண்டும். ஆன்சி அல்லது ஐஎஸ்ஓ லூமன்ஸ் (பொதுவான தர முறைப்படி அளந்தது) என்று குறிப்பிட்டிருந்தால் மட்டும் நம்புங்கள். பத்தாயிரம் ரூபாய் மெஷினில் '9,000 லூமன்ஸ்' என்று வெறுமனே போட்டிருந்தால் அந்த எண்ணைக் கணக்கில் எடுக்காதீர்கள். நல்ல மெஷினிலும் பெட்டி எண் என்பது பச்சை தூக்கலாகத் தெரியும் 'பிரைட்' மோடில் எடுத்தது. நிறம் சரியாக இருக்கிற சினிமா மோடில் நிறையக் குறைந்துவிடும். '4கே சப்போர்ட்' என்பதும் அப்படித்தான். 4கே வீடியோவை வாங்கிக்கொள்ளும் என்று மட்டுமே அதற்கு அர்த்தம். 'நேட்டிவ்' ரெசல்யூஷன், அதாவது மெஷினின் சிப்பில் உண்மையில் இருக்கும் புள்ளிகள், எவ்வளவு என்று கேளுங்கள். பத்து பதினோரு அடி தள்ளி உட்காருபவருக்கு நல்ல 1080பி நிறைவாகவே இருக்கும்.

கடைக்குக் கட்டாயம் வீட்டில் உள்ளவர்களையும் கூட்டிப்போங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். நான் முதலில் வாங்கியது ஒற்றைச் சிப் டிஎல்பி என்ற வகை ப்ரொஜெக்டர். அதில் ஒரு நிறச் சக்கரம் சுழன்று சிவப்பு, பச்சை, நீலத்தை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும், நம் மூளைதான் அதைச் சேர்த்துக்கொள்ளும். எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. இரண்டாம் நாள் மனைவி, "என்னங்க, எழுத்து ஓரத்துல சிவப்பும் பச்சையுமா மின்னுதே, உங்களுக்குத் தெரியலையா?" என்றாள். ஒரு மணி நேரத்தில் அவளுக்குத் தலைவலி வந்துவிடும். இதற்கு ரெயின்போ எஃபெக்ட் என்று பெயர். சிலர் கண்ணுக்குப் படும், சிலருக்குப் படவே படாது. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து ஓடவிட்டு, கண்ணை இடமும் வலமும் வேகமாக ஓட்டிப் பார்த்தால் கடையிலேயே தெரிந்துவிடும். ஒன்றரை வருடம் அவள் சேர்ந்து படம் பார்க்காமல் இருந்த பிறகு அதை விற்றுவிட்டு, மூன்று நிறமும் ஒரே நேரத்தில் விழுகிற 3எல்சிடி வகையை, பழைய மெஷினாகவே வாங்கினேன்.

பழையதை வாங்குவதில் தப்பில்லை. மெனுவில் விளக்கு ஓடிய மணி நேரம் இருக்கும், பாருங்கள். விளக்கை மாற்றி எண்ணைப் பூஜ்யமாக்கியிருக்கலாம் என்பதால் அதை மட்டும் நம்பவும் வேண்டாம். முழு வெள்ளைப் படம் ஒன்றைப் போட்டு, ஒரு மூலை மஞ்சளாகவோ நீலமாகவோ தெரிகிறதா என்று கவனியுங்கள். தெரிந்தால் உள்ளே எல்சிடி பகுதி சூட்டில் கெட்டிருக்கலாம். அப்புறம் முழுக் கறுப்பைப் போடுங்கள். மங்கலான வட்டப் புகை மாதிரி தெரிந்தால் உள்ளே தூசி. நடுவிலும் நாலு மூலையிலும் சின்ன எழுத்து ஒரே கூர்மையில் தெரிய வேண்டும். கீஸ்டோனை (சாய்வாக விழும் படத்தை நேராக்கும் வசதி) அணைத்துவிட்டு இதைச் செய்யுங்கள், ஏனென்றால் அது படத்தை மென்பொருளில் நசுக்கிக் கூர்மையைக் குறைக்கும். வீட்டிலும் மெஷினைத் திரைக்கு நேராக மாட்டுவதே நல்லது. மாட்டும் இடத்தை அறிய, மெஷினின் விவரத்தில் இருக்கும் த்ரோ ரேஷியோ என்ற எண்ணைத் திரை அகலத்தால் பெருக்குங்கள். 1.5 என்றால் 100 அங்குலத்துக்கு 3.3 மீட்டர் தூரம் வேண்டும்.

பராமரிப்பில் நம் ஊருக்கு இரண்டே எதிரிகள்: தூசியும் கரண்டும். தூசி வடிகட்டியை மாதம் ஒருமுறை சுத்தம் செய்கிறேன். விளக்கு வகை மெஷினில் திடீரென்று கரண்ட் போனால் ஃபேன் நின்று சூடு உள்ளேயே தங்கிவிடும். அதனால் இன்வெர்ட்டர் இணைப்பில் போட்டு, இன்வெர்ட்டரின் சுவிட்சை, கரண்ட் போனதும் சட்டென்று பேட்டரிக்கு மாறும் யூபிஎஸ் மோடில் வைத்திருக்கிறேன். விளக்கின் ஆயுள் 4,000 மணி நேரம் என்றால் அது பெரும்பாலும் வெளிச்சம் பாதியாகக் குறையும் வரைக்குமான கணக்கு. மெல்ல மெல்லக் குறைவதால் கண்ணுக்குத் தெரியாது. புது விளக்கு போட்ட அன்றுதான் எவ்வளவு இழந்திருந்தோம் என்று புரிந்தது. விளக்குக்குப் பதில் லேசரில் ஓடும் மெஷின்களுக்குப் பொதுவாக 20,000 மணி நேரம் சொல்கிறார்கள். பட்ஜெட் இடம் கொடுத்தால் அதற்கே போங்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். கூடம்தான் இடம், பகலில் கிரிக்கெட்டும் செய்தியும் ஓடும், விளக்கை அணைக்க முடியாது என்றால் அதே பணத்துக்கு 65 அங்குல டிவி வாங்குங்கள். இருட்டாக்கக்கூடிய ஒரு படுக்கையறையோ மாடி அறையோ இருந்தால், பெயின்ட்டுக்கு முதலில் 7,000 ரூபாய் ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் ப்ரொஜெக்டர் பாருங்கள். அந்த லக்ஸ் அளவை எடுத்துக் கருத்துப் பகுதியில் போடுங்கள், எந்த வகை பொருந்தும் என்று சேர்ந்து பார்க்கலாம்.