எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு நடந்து போகிறவர்கள் வழியில் நாம்சே பஜார் என்ற மலையூரில் ஏன் இரண்டு இரவு தங்குகிறார்கள்?

உடம்பை உயரத்துக்குப் பழக்கத்தான். லுக்லா என்ற ஊரில் நடக்கத் தொடங்குபவர்கள் இரண்டாம் நாளே 3,440 மீட்டரில் உள்ள நாம்சேயை எட்டிவிடுகிறார்கள். அதற்கு மேலும் அவசரப்பட்டால் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரலாம். இதைத்தான் மலைநோய் என்கிறோம்.

காரணம் காற்றழுத்தம். மலை மேலும் காற்றில் ஆக்ஸிஜனின் பங்கு அதே 21 சதவீதம்தான். ஆனால் காற்றே மெலிந்துவிடுகிறது. பஞ்சு மெத்தைகளை அடுக்கிப் பாருங்கள். அடி மெத்தை நன்றாக அமுங்கியிருக்கும், மேல் மெத்தை தளர்வாக இருக்கும். காற்றும் அப்படித்தான். 5,364 மீட்டரில் உள்ள அடிவார முகாமில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜன், கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ பாதி. அவகாசம் கொடுத்தால் உடம்பு வேகமாக, ஆழமாக மூச்சுவிடப் பழகும். அப்புறம் மெல்ல ரத்தச் சிவப்பணுக்களும் கூடும். அதனால்தான் 3,000 மீட்டரைத் தாண்டியபின் தூங்கும் இடத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் உயர்த்த வேண்டாம் என்கிறார்கள்.

நண்பர்களோடு போகும்போது எனக்குக் கவலை தருவது ஒன்று உண்டு. மற்றவர்களுக்குத் தடையாகிவிடுவோமோ என்று சிலர் தலைவலியை மறைத்துவிடுவார்கள். தயவுசெய்து சொல்லிவிடுங்கள். நடை தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ உடனே கீழே இறங்க வேண்டும்.

தினமும் ஓடுகிறவருக்கு மலைநோய் வராது என்று பலர் நம்புகிறார்கள். அது உடல்வலுவைப் பார்த்து வருவதில்லை, வேகமாக ஏறிவிடும் வலுவானவருக்கே முதலில் வரலாம்.