நரையைப் பற்றி ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

எனக்கு 52 வயது. மாதவிடாய் நின்று மூன்றாண்டுகள் ஆகின்றன. தலைமுடிக்குச் சாயம் பூசுவதைச் சென்ற ஆண்டு விட்டுவிட்டேன். அதிலிருந்து கல்யாண வீடுகளில் ‘உடம்புக்கு என்ன?’ என்று கேட்காதவர் இல்லை. நான் என்னையே கவனிக்காமல் விட்டுவிட்டதாக மகள் வருந்துகிறாள். முதுமையை ஏற்றுக்கொள்வது தவறா?

— வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள சகோதரிக்கு,

சாயத்தை விட்டதற்காக உங்களைப் பாராட்டப் போவதில்லை. பூசியிருந்தால் குறை சொல்லியிருக்கவும் மாட்டேன். வகிட்டில் வெள்ளைக் கோடு தெரியும்போதெல்லாம் கிண்ணத்தையும் பிரஷ்ஷையும் எடுப்பது அலுத்துப்போனால் நிறுத்திவிடலாம். பல சாயங்களில் உள்ள பாராஃபினைலின்டையமின் என்னும் வேதிப்பொருள் ஒவ்வாமல் நெற்றியோரமும் காதோரமும் தடித்து அரிப்பவர்கள் நிறுத்தியே ஆகவேண்டும். அதற்கு மேல் இதில் தத்துவம் ஏதுமில்லை. (வழுக்கைத் தலையோடு அதே கல்யாணத்துக்கு வரும் ஆண்களிடம் உடம்புக்கு என்னவென்று எவரும் விசாரிப்பதில்லை.)

நம் உலா நூல்கள் பெண்ணின் பருவங்களைப் பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழாக வகுத்து, நாற்பது வயதோடு நிறுத்திக்கொண்டன. வீதியில் பவனி வரும் தலைவனைக் கண்டு மயங்குவதற்கு அதற்கு மேற்பட்டவள் தேவைப்படவில்லை போலும். ஆனால், உங்கள் ஊர் முதுநகரில் 1890-இல் பிறந்த விடுதலைப் போராட்ட வீராங்கனை அஞ்சலையம்மாள் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கு 1937-இல் தேர்ந்தெடுக்கப்பட்டபோது அந்த நாற்பதைக் கடந்திருந்தார். இங்கே புதுச்சேரியை அடுத்து 1968 பிப்ரவரியில் ஆரோவில் தொடங்கப்பட்டபோது, அதை நிறுவிய, அரவிந்தர் ஆசிரமத்து அன்னைக்கு 90 வயது நிறைந்து ஒரு வாரமே ஆகியிருந்தது.

உங்கள் மகளின் வருத்தத்திலும் கொஞ்சம் நியாயம் உண்டு. முட்டி வலித்தாலும் படியேறுகையில் மூச்சு வாங்கினாலும் ‘வயசானா அப்படித்தான்’ என்று சொல்லி முடித்துவிடுவதைத்தான் நம் வீடுகளில் முதுமையை ஏற்பதாக எண்ணிக்கொள்கிறோம். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் குறைவதால் முதல் சில ஆண்டுகளில் எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறைகிறது. எனவே வெள்ளிக் கடற்கரையில் நாள்தோறும் நடப்பதும் கேழ்வரகையும் பாலையும் தள்ளாமல் உண்பதும் உங்களுக்கு இப்போது அவசியம். அதைவிட முக்கியமாக, மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்தபின் ஒரு சொட்டு உதிரம் பட்டாலும், வலி இல்லையே என்று ஒதுக்காமல் மகளிர் மருத்துவரிடம் சென்றுவிட வேண்டும். பெரும்பாலும் சாதாரணக் காரணமாகவே இருக்கும். ஆயினும் கருப்பைப் புற்றுநோய் பலருக்கு முதலில் அப்படித்தான் தலைகாட்டுகிறது.

மகள் மறுபடியும் முடியைப் பற்றிப் பேச்செடுத்தால், சர்க்கரை, இரத்த அழுத்தம், மார்பகப் பரிசோதனை ஆகியவற்றுக்குத் துணையாக வரச் சொல்லுங்கள்.