மெஷின் மாறினாலும் புரோகிராம் கோடு மாறக் கூடாது: பாடாங் செராய் சி வகுப்புக் கேள்வி பதில்

மலேசியாவின் பாடாங் செராயில் ஞாயிறு காலை நடக்கும் எங்கள் சி புரோகிராம் மொழி வகுப்பில் போன வாரம் நேரம் போதவில்லை. மெஷினுக்கு மெஷின் மாறும் விஷயங்களை, மற்ற ஃபைல்கள் தலைப்பில் சேர்த்துக்கொள்ளும் ஒரு ஹெடர் ஃபைலில் எப்படி வைப்பது என்று பேச்சை எடுத்ததும் துண்டுத் தாள்களில் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒவ்வொன்றாகப் பதில் எழுதியிருக்கிறேன்.

வகுப்புக்கு வராதவர்களுக்கு ஒரு வார்த்தை. நாங்கள் பழகுவது செம்பனைக் குலை ஏற்றி வரும் லோரிகளின் எடையைப் பதியும் ஒரு புரோகிராம். எடை மேடையிலிருந்து சீரியல் கேபிளில் வரும் எண்ணைப் படித்து ஃபைலில் எழுதும், ரசீது அடிக்கும். விண்டோஸுக்கு முந்திய டாஸ் காலத்தில் நான் எழுதியது. அப்புறம் விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் போனது, இப்போது ராஸ்பெரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டரிலும் ஓடுகிறது. மெஷின் சம்பந்தப்பட்ட எல்லாம் அதில் சிஸ்டெப்.எச் என்ற ஒரே ஹெடரில் இருக்கிறது.

பாலிடெக்னிக் மாணவி: இன்ட் என்றால் எல்லா மெஷினிலும் இன்ட்தானே, ஐயா? அதற்குத் தனி ஹெடர் எதற்கு?

நானும் அப்படி நம்பித்தான் எழுதினேன், அம்மா. நாம் எழுதுவதை மெஷினுக்குப் புரியும்படி மாற்றுவது கம்பைலர். அப்போது என்னிடம் இருந்த டாஸ் கம்பைலரில், முழு எண்ணை வைக்கும் இன்ட் என்ற டைப் 16 பிட். அதில் அடங்கும் பெரிய எண் 32,767. சின்ன லோரிகள் வந்தவரை ஒரு குறையும் இல்லை. ஒரு நாள் மதியம் பெரிய லோரி ஒன்று மேடை ஏறியது. எடை காட்டும் பெட்டியில் 33,400 கிலோ, ரசீதிலோ கழித்தல் 32,136. கணக்கு எழுதும் கிராணி ரசீதைக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்த முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. 33,400இலிருந்து 65,536ஐக் கழித்துப் பார், அதே எண் வரும்.

உடனே எல்லா இடத்திலும் இன்னும் பெரிய எண்ணை வைக்கும் லாங் என்று மாற்றினேன். டாஸில் சரியாகிவிட்டது. பல வருடம் கழித்து 64 பிட் லினக்ஸுக்குப் போனபோது அதே லாங் 8 பைட் ஆகி, பழைய ஃபைல்களைப் படிக்க முடியாமல் போனது. 64 பிட் விண்டோஸில் லாங் இன்றைக்கும் 4 பைட்தான். இதில் யார் மேலும் தப்பில்லை. இன்ட் குறைந்தது 16 பிட், லாங் குறைந்தது 32 பிட் என்பதற்கு மேல் சி மொழி நமக்கு எந்த வாக்கும் கொடுக்கவில்லை.

1999ஆம் ஆண்டுத் தரத்தில் ஸ்டட்இன்ட்.எச் வந்தது. யுஇன்ட்32_டி என்று எழுதினால் எங்கே போனாலும் சரியாக 32 பிட். அது இல்லாத பழைய கம்பைலருக்கு மட்டும் சிஸ்டெப்.எச்சில் நாமே டைப்டெஃப் போட்டு அந்தப் பெயரை உண்டாக்கிக்கொள்கிறோம். எடை, நேரம், ரசீது எண் எதுவாக இருந்தாலும் ஃபைலுக்குள் போவது இந்த அளவு குறித்த டைப்பில்தான் போக வேண்டும்.

கூலிம் ஹைடெக் பார்க்கில் வேலை செய்யும் தம்பி: எங்கள் கோடில் எந்த ஃபைலைத் திறந்தாலும் #இஃப்டெஃப் _வின்32, #இஃப்டெஃப் __லினக்ஸ்__ என்றுதான் இருக்கிறது. எங்கிருந்து துப்புரவு செய்வது, அண்ணே?

#இஃப்டெஃப் என்பது, இந்தப் பெயர் இருந்தால் மட்டும் கீழே உள்ள வரிகளைக் கம்பைல் செய் என்று சொல்வது. முதலில் அதில் கேட்கும் கேள்வியை மாற்றுங்கள், தம்பி. "நீ லினக்ஸா?" என்று கேட்காதீர்கள். "உன்னிடம் டெர்மியாஸ் இருக்கிறதா?" என்று கேளுங்கள். சீரியல் போர்ட்டை அமைக்க லினக்ஸில் டெர்மியாஸ் வேண்டும். அதே டெர்மியாஸ் மேக்கிலும் ஃப்ரீபிஎஸ்டியிலும் இருக்கிறது. பெயரைக் கேட்டு எழுதிய கோடு இந்த இரண்டிலும் விழுந்துவிடும், வசதியைக் கேட்டு எழுதியது நிற்கும். பெயரிலிருந்து வசதிக்கு மாற்றும் வேலை சிஸ்டெப்.எச்சில் ஒரே ஒரு தடவை நடக்கட்டும். மற்ற ஃபைல்களின் கண்ணில் ஹேவ்_டெர்மியாஸ் மட்டும் பட்டால் போதும்.

இன்னொன்று, பெயர்களே ஏமாற்றும். _வின்32 என்பது 64 பிட் விண்டோஸிலும் இருக்கும். அதை வைத்து 32 பிட் என்று முடிவு கட்டிய கோடை நான் பார்த்திருக்கிறேன்.

வித்தியாசம் பெரிதாக இருந்தால் #இஃப்டெஃபே வேண்டாம். விண்டோஸில் போர்ட்டைத் திறப்பதற்கும் லினக்ஸில் திறப்பதற்கும் ஒரு வரிகூட ஒத்துப்போகாது. சீரியல்_விண்.சி, சீரியல்_பாசிக்ஸ்.சி என்று இரண்டு ஃபைல் வைத்திருக்கிறேன். இரண்டிலும் திற, படி, மூடு என்ற அதே மூன்று ஃபங்ஷன். எதைச் சேர்ப்பது என்பதை, கம்பைல் செய்யும் முறையை எழுதி வைக்கும் மேக்ஃபைல் பார்த்துக்கொள்ளும். ஒரே ஃபங்ஷனுக்குள் ஆறு #இஃப்டெஃப் போட்டால், நாளைக்கு அதைப் படிப்பவர் எது எந்த மெஷினில் ஓடும் என்பதை விரல் விட்டு எண்ண வேண்டியிருக்கும்.

ஆட்டோகான்ஃப் வேண்டுமா என்று கீழே சின்னதாகக் கேட்டிருக்கிறீர்கள். 1991இல் டேவிட் மெக்கன்ஸி தொடங்கிய அந்தக் கருவியும் இதைத்தான் செய்கிறது. குட்டிக் குட்டிப் புரோகிராம்களைக் கம்பைல் செய்து பார்த்து, என்ன இருக்கிறது என்று கான்ஃபிக்.எச்சில் எழுதி வைக்கும். பல பேர் பல யூனிக்ஸ் வகைகளில் நிறுவும் மென்பொருளுக்கு அது தகும். நம் கையில் இருக்கும் நான்கு மெஷினுக்குக் கையால் எழுதிய ஹெடரே போதும்.

அதே தம்பி: ஹேவ்_டெர்மியாஸ் 1 என்று கொடுத்தும் அந்தப் பகுதி கம்பைல் ஆகவே இல்லை. எரரும் வரவில்லையே?

ஒன்று, அந்த ஃபைல் சிஸ்டெப்.எச்சைச் சேர்க்கவில்லை. இல்லாவிட்டால் எங்கோ ஓர் எழுத்துப் பிழை. #இஃப் வரியில் தெரியாத பெயரைப் பார்த்தால் சி அதைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு சத்தம் போடாமல் போய்விடும். அதனால் வசதி இருந்தால் 1, இல்லாவிட்டால் 0 என்று எல்லாப் பெயருக்கும் மதிப்புக் கொடுங்கள். #இஃப்டெஃப் வேண்டாம், #இஃப் போடுங்கள். பிறகு ஜிசிசி கம்பைலரில் -டபிள்யூஅன்டெஃப் சேர்த்துக் கம்பைல் செய்தால் பிழையான பெயரை வரி எண்ணோடு காட்டும். #இஃப்டெஃப் போட்டால் இந்த எச்சரிக்கை கிடைக்காது.

ராஸ்பெரி பை வாங்கிய மாணவன்: லேப்டாப்பில் முடிகிற லூப் இங்கே முடியவே இல்லை. கெட்கேர் தருவதைக் கேர் மாறியில் வாங்கி இஓஎஃப் வருகிறதா என்று பார்க்கிறேன்.

மாறியை இன்ட் ஆக்கு, முடிந்துவிடும். ராஸ்பெரி பையில் ஓடுவது ஆர்ம் லினக்ஸ். அதில் வெறும் கேர் என்றால் அன்சைன்ட், கழித்தல் எண்ணை வைக்காது. ஃபைல் முடிந்ததும் கெட்கேர் தரும் இஓஎஃப் நம் மெஷின்களில் கழித்தல் 1. அது கேருக்குள் போனால் 255 ஆகிவிடும், பிறகு இஓஎஃப்போடு எப்போதும் ஒத்துப்போகாது. உன் லேப்டாப்பில் கேர் சைன்ட் என்பதால் தப்பு வெளியே தெரியவில்லை.

தோட்ட ஆபீஸில் வேலை பார்க்கும் அண்ணன்: 2038இல் கம்ப்யூட்டர் தேதி எல்லாம் கெட்டுவிடும் என்கிறார்களே, நம் எடைப் புரோகிராமுக்கும் வருமா?

நேரத்தை விநாடிக் கணக்கில் வைக்கும் டைப் டைம்_டி. அது 32 பிட்டாக இருக்கும் மெஷினில் கட்டாயம் வரும், அண்ணே. நம் ஊர் நேரப்படி 2038 ஜனவரி 19, காலை 11 மணி 14 நிமிடம் 7 விநாடி வரைதான் அது எண்ணும். அடுத்த விநாடி 1901க்குப் போய்விடும். 32 பிட் லினக்ஸில் இதற்கு வழி வந்துவிட்டது. லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சி 2.34 முதல் _டைம்_பிட்ஸ் 64 என்று கொடுத்தால் டைம்_டி 64 பிட் ஆகும். கூடவே _ஃபைல்_ஆஃப்செட்_பிட்ஸ் 64 என்பதும் வேண்டும்.

இதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். இந்த இரண்டு வரியும் சிஸ்டத்தின் எந்த ஹெடரையும் சேர்ப்பதற்கு முன்னால் வர வேண்டும். ஸ்டடிஐஓ.எச்சை முதலில் சேர்த்து, சிஸ்டெப்.எச்சை அப்புறம் சேர்த்தால் பயனில்லை. அதைவிட மோசம், ஒரு சி ஃபைலில் வரிசை சரியாகவும் இன்னொன்றில் தப்பாகவும் இருப்பது. ஒன்று டைம்_டியை 8 பைட் என்று நினைக்கும், மற்றது 4 பைட் என்று நினைக்கும். கம்பைல் ஆன ஃபைல்களை ஒன்றாக இணைக்கும் லிங்கர் இரண்டையும் வாய் திறக்காமல் ஒட்டிவிடும். அப்புறம் பல விவரங்களைச் சேர்த்து வைக்கும் ஸ்ட்ரக்டில் நேரத்துக்கு அடுத்து இருக்கும் எடை குப்பையாக வரும். தப்பு எடையில் என்று நாள் கணக்கில் தேடுவோம்.

தோட்டத்தில் காலையில் பெரட்டுக்கு, அதாவது பெயர் கூப்பிடும் வரிசைக்கு, நிற்காமல் யாரும் வேலைக்காட்டுக்குப் போனதில்லை. அதே மாதிரி எல்லா சி ஃபைலிலும் முதல் இன்க்ளூட் சிஸ்டெப்.எச்தான், விதிவிலக்கே கிடையாது.

மாணவி மறுபடியும்: ஸ்ட்ரக்டை அப்படியே எஃப்ரைட் செய்து ஃபைலில் எழுதினால் என்ன? இடைவெளி விடாதே என்று கம்பைலருக்குச் சொல்லும் பேக் ப்ராக்மா போட்டால் சரியாகிவிடாதா?

ஒரு ஸ்ட்ரக்டில் 1 பைட் வகை, 4 பைட் எடை, 2 பைட் தோட்டப் பிளாக் எண் என்று வை. கூட்டினால் 7, ஆனால் நம் மெஷின்களில் அளவைச் சொல்லும் சைஸ்ஆஃப் 12 காட்டும். நடுவிலும் கடைசியிலும் கம்பைலர் இடம் விடுகிறது. ப்ராக்மா அந்த இடைவெளியை எடுத்துவிடும், பைட் வரிசையைத் தொடாது. 33,400ஐ இன்டெல் மெஷின் 120, 130, 0, 0 என்று எழுதும். பெரிய மதிப்புள்ள பைட்டை முதலில் வைக்கும் மெஷின் அதை 202 கோடி கிலோ என்று படிக்கும். அதனால் பிட்களை ஷிஃப்ட் செய்து, அதாவது நகர்த்தி, ஒவ்வொரு பைட்டாக எழுதும் சின்ன ஃபங்ஷன் ஒன்று வைத்துக்கொள். மெஷின் எந்த வரிசை என்று ஹெடரில் கேட்கும் வேலையே இல்லாமல் போகும். ஒரு டெஃபினிஷன் இல்லாமலே காரியம் நடந்தால் அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த வழி.

கடைசித் தாள், பெயர் எழுதவில்லை: ஹெடர் சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? டாஸ் வரிகளை இன்னும் வைத்திருக்க வேண்டுமா?

சைஸ்ஆஃப்பை #இஃப்புக்குள் போட முடியாது. ஆனால் சி11இல் வந்த _ஸ்டாட்டிக்_அசெர்ட் கம்பைல் நேரத்திலேயே அளவைச் சரிபார்க்கும். சிஸ்டெப்.எச்சின் அடியில் அப்படி ஐந்து வரி வைத்திருக்கிறேன். தெரியாத மெஷின் வந்தால் ஊகிக்காமல் #எரர் போட்டு நின்றுவிடும்.

டாஸ் வரிகளைப் போன மாதம் அழித்துவிட்டேன். அந்தக் கம்பைலர் இப்போது யாரிடமும் இல்லை, ஓட்டிப் பார்க்க முடியாத வரி சரியா தப்பா என்று சொல்ல வழியில்லை. அழிப்பதற்கு முன் ஒவ்வொரு வரிக்கும் மேலே எந்த மெஷினுக்காக, எந்த வருடம் போட்டேன் என்று எழுதியிருந்த குறிப்பைப் படித்தேன். குறிப்பு இல்லாத வரிகள் மூன்று இருந்தன. எதற்காகப் போட்டேன் என்று கண்டுபிடிக்கும் வரை அவற்றைத் தொடப் போவதில்லை. வரும் ஞாயிறு பசியாறிவிட்டு வாருங்கள், அந்த மூன்றையும் பலகையில் எழுதிச் சேர்ந்தே பார்ப்போம்.