ஹபரணையில் பிள்ளைகளை யானைச் சவாரிக்கு அழைத்துப் போகலாமா?

ஆகஸ்டில் குடும்பத்துடன் இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள நிலாவெளிக்கு வருவதாகவும், வழியில் ஹபரணையில் யானைச் சவாரிக்குப் பிள்ளைகள் ஆசைப்படுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது யானைக்குக் கொடுமை என்று சிலர் சொல்கிறார்களே, உண்மையா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

உண்மைதான். போகாதீர்கள்.

நான் திருகோணமலைக்கு அருகே உப்புவெளியில் சிறிய விருந்தினர் விடுதி நடத்துகிறேன். ஒவ்வொரு பருவத்திலும் இதே கேள்வி என்னிடம் வருகிறது. இங்கே கடல் அமைதியாக இருக்கும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில்தான் உள்நாட்டில் கச்சான் என்ற வறண்ட தென்மேற்குக் காற்று அனலாக வீசும். யானைக்கு மனிதரைப் போல் உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. காதுகளை விசிறியும், நீரையும் சேற்றையும் மேலே வாரி இறைத்தும், நிழலில் நின்றும்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். சவாரி யானைக்கு இவற்றில் காது மட்டுமே அதன் வசம் இருக்கிறது. எப்போது நிழல், எப்போது குளம் என்பதை அடுத்த டிக்கெட்தான் முடிவு செய்கிறது.

நீங்கள் பார்க்கப்போவது சிறிது நேரச் சவாரியை மட்டும். யானை சாந்தமாக நடக்கும், பாகன் சிரிப்பார், பிள்ளைகள் வாழைப்பழம் கொடுப்பார்கள். அந்தச் சாந்தம் எப்படி வந்தது என்பதை யாரும் காட்டமாட்டார்கள். காட்டு விலங்கு முன்பின் தெரியாதவர்களை முதுகில் ஏற்றிக்கொண்டு நாள் முழுவதும் நடக்கச் சம்மதிப்பதில்லை, சம்மதிக்க வைக்கப்படுகிறது. தாயிடமிருந்து பிரித்து, கால்களைக் கட்டி, தோல் மெல்லிய இடங்களில் அங்குசத்தால் குத்தி, மறுத்தால் வலிக்கும் என்பதைக் குட்டிப் பருவத்திலேயே பதியவைக்கிறார்கள். பிறகு அங்குசத்தை ஓங்கவே தேவையில்லை. பாகன் கையில் அது இருந்தால் போதும். யானையின் முதுகும் பாரம் ஏற்றுவதற்கான சமதரை அல்ல. முதுகெலும்பின் முனைகள் மேல்நோக்கி நீண்டிருப்பவை. அதன்மேல் இருக்கையை இறுக்கிக் கட்டினால் காலப்போக்கில் புண்ணாகும். அந்தப் புண்ணை மெத்தையும் சாக்கும் மறைத்துவிடும்.

2019இல் சீகிரியாப் பக்கம் கனகோட்டா என்ற 18 வயது யானை, சுற்றுலாப் பயணிகளைச் சுமந்த அதே நாளில் இறந்தது. அதே ஆண்டு கண்டிப் பெரஹெரா ஊர்வலத்தில் டிக்கிரி என்ற 70 வயது யானையின் எலும்பும் தோலுமான உடலை அலங்கார உடைக்குள் மறைத்து நடக்கவைத்த படங்கள் உலகம் முழுவதும் பரவின. சில வாரங்களில் அதுவும் இறந்தது.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். 2021 ஆகஸ்டில் வர்த்தமானியில் (அரசிதழில்) வெளியான, வளர்ப்பு யானைகளுக்கான விதிகள் நல்லவையே. நாளொன்றுக்கு இரண்டரை மணி நேரக் குளிப்பு, ஆறு மாதத்திற்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை, குட்டிகளைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது, பாகன் வேலை நேரத்தில் மது அருந்தக் கூடாது, மீறினால் மூன்று ஆண்டு வரை சிறை. ஆனால் அதே விதிகள் மெத்தையிட்ட இருக்கையில் ஒரே நேரத்தில் நான்கு பேர் வரை சவாரி செய்யவும் இடம் கொடுக்கின்றன. இரண்டரை மணி நேரத்தைக் குளக்கரையில் நின்று கணக்கெடுப்பவர் யார்? இதற்கு முந்தையது 1907ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம். அது எழுதிவைத்த தண்டப் பணமோ 100 ரூபாய் வரைதான்.

என் விருந்தினர் ஒருவர் ஒருமுறை, "நாங்கள் போகாவிட்டால் அந்த யானைக்கு யார் சாப்பாடு போடுவது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. வளர்ந்த யானைக்கு நாளொன்றுக்கு 150 கிலோ அளவில் தீனி வேண்டும். இப்போது பிடியில் இருக்கும் யானைகளைக் காட்டில் அப்படியே விட்டுவிடவும் முடியாது. அவற்றைப் பராமரித்தே ஆகவேண்டும். ஆனால் சவாரியில் பணம் கொட்டுகிற வரை இன்னொரு குட்டிக்கும் விலை இருக்கும். காட்டிலிருந்து குட்டிகளைத் திருடிப் போலிப் பதிவுப் பத்திரம் செய்த விவகாரங்கள் இந்த நாட்டில் நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. 2021 செப்டெம்பரில், அரசு கைப்பற்றி வைத்திருந்த யானைகள் பல, முன்பு வைத்திருந்தவர்களிடமே திரும்பிப் போயின. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு வயிறு எரிந்தது. அதனால்தான் டிக்கெட் வாங்குகிறவரின் முடிவைப் பெரிதாக நினைக்கிறேன்.

பாகனைத் திட்டாதீர்கள். பெரும்பாலும் யானை அவருடையது அல்ல. வெயிலில் யானையோடு சேர்ந்து நிற்பவர் அவர். வருமானத்தின் பெரும்பங்கு வேறொருவரிடம் போகிறது. கணேசரின் வடிவத்தின்மேல் ஏறுவது ஆசீர்வாதம் என்று சில பெரியவர்கள் பிள்ளைகளிடம் சொல்வதையும் கேட்டிருக்கிறேன். பிள்ளையாரை வணங்குகிற வீட்டுக்குத்தான் இந்த வலி முதலில் உறைக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பிள்ளைகளுக்கு யானை காட்டவேண்டும் என்றால் கவுடுல்ல தேசியப் பூங்காவுக்குப் போங்கள். ஹபரணை – திருகோணமலை வீதியிலிருந்தே அதற்குத் திரும்பலாம். வறண்ட மாதங்களில் குளங்கள் வற்றி, கரையில் புதுப் புல் முளைக்கும்போது கூட்டம் கூட்டமாக யானைகள் வரும். அருகிலுள்ள மின்னேரியா தேசியப் பூங்காவும் இதற்குப் பேர்போனது. குளத்து நீர்மட்டத்தைப் பொறுத்து யானைகள் இரண்டுக்கும் இடையே மாறிப்போகும் என்பதால் எங்கே நிற்கின்றன என்று அன்றைக்கே விசாரியுங்கள். குட்டியுள்ள கூட்டத்தை ஜீப்புகள் சுற்றி வளைத்தால், விலகி நின்று எஞ்சினை நிறுத்தும்படி சாரதியிடம் சொல்லுங்கள். தெற்கே போகும் திட்டம் இருந்தால், 1995இல் தொடங்கிய உடவளவ யானைகள் இடைத்தங்கல் நிலையத்தைப் பாருங்கள். அநாதைக் குட்டிகளைத் தொட விடாமல் தள்ளி நின்று பார்க்கவைத்து, வளர்ந்ததும் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்று: வேன் பதிவு செய்யும்போதே "யானைச் சவாரி வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். சவாரி இடங்களில் சாரதிகளுக்குத் தரகுப் பணம் கிடைப்பதுண்டு. முன்கூட்டிச் சொல்லாவிட்டால் வண்டி அங்கே போய் நின்றுவிடும், பிள்ளைகள் யானையைக் கண்டபின் மறுப்பது கடினம். வழியில் காயம்பட்ட அல்லது வதைபடும் யானையைக் கண்டால் இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அழையுங்கள். மாலை பூங்காவிலிருந்து புறப்படும்போது இருட்டுவதற்குள் கந்தளாயைத் தாண்டிவிடுங்கள்; அந்த வீதியில் காட்டு யானைகள் குறுக்கே வரும்.