ஏழு பேர் மோட்டார் சைக்கிளில் டெத் வேலி போய் மூன்று இரவு கூடாரத்தில் தங்கப்போகிறோம். எதற்கெல்லாம் தயாராக வேண்டும்?

கேள்வியில் உள்ள விவரம் இது: கலிபோர்னியாவின் டெத் வேலி தேசியப் பூங்கா, ஏழு பைக். ஒரு கேஎல்ஆர் 650, ஒரு டிஆர் 650, ஒரு சிஆர்எஃப் 300எல், இரண்டு ஹிமாலயன், இரண்டு பெரிய அட்வென்ச்சர் பைக். ரேஸ்டிராக், அதாவது கற்கள் தானாக நகரும் காய்ந்த ஏரித்தரை, பார்க்க ஆசை. மாதம் இன்னும் முடிவாகவில்லை.

மாதத்தை முதலில் முடிவு செய்யுங்கள். நவம்பர் நடுவிலிருந்து மார்ச் கடைசிக்குள் போங்கள். கோடையில் வேண்டவே வேண்டாம். "ஏழு பேர் இருக்கிறோமே, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள மாட்டோமா" என்று நினைப்பதுதான் அங்கே ஆபத்து. 2024 ஜூலை 6 அன்று ஆறு பேர் கொண்ட ஒரு பைக் குழு பூங்காவுக்குள் பேட்வாட்டர் என்ற இடத்தின் பக்கம் வெயிலில் மாட்டிக்கொண்டது. அன்று வெப்பம் 53 டிகிரி. ஒருவர் அங்கேயே இறந்தார், இன்னொருவரை லாஸ் வேகஸ் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மருத்துவ ஹெலிகாப்டரைக்கூட அழைக்க முடியவில்லை. 49 டிகிரியைத் தாண்டினால் காற்று லேசாகிவிடும், ஹெலிகாப்டர் பத்திரமாகப் பறக்க முடியாது. வெயில் ஆறு பேரையும் ஒரே நேரத்தில்தான் தாக்கும். யார் யாரைப் பார்த்துக்கொள்வது?

பைக்கில் போனால் காற்று வீசுமே, சூடு தணியாதா என்று கேட்பார்கள். நம் தோலின் வெப்பம் சுமார் 35 டிகிரி. காற்று அதைவிடச் சூடாக இருந்தால், வேகமாகப் போகப் போக உடம்புக்குள் சூடுதான் ஏறும். அதைத் தணிக்க வியர்வை ஒன்றுதான் வழி. வலை ஜாக்கெட்டைத் திறந்துவிட்டு ஓட்டினால் அந்த வியர்வையும் வேலை செய்யும் முன்பே காய்ந்துவிடும். மார்ச் கடைசியிலேயே சில நாள் 35 டிகிரியைத் தாண்டும். அப்படி ஒரு நாள் அமைந்தால் உள்சட்டையைத் தண்ணீரில் நனைத்துப் போட்டு, ஜாக்கெட்டை மூடி, காற்று நுழையும் ஜிப்புகளைக் கொஞ்சம் மட்டும் திறந்துவையுங்கள். ஒருவர் சாதாரணத் திருப்பத்தைத் தவறவிட்டாலோ, நிற்கும்போது கால் ஊன்றத் தடுமாறினாலோ, கேட்டதற்கு ஒரு நொடி தாமதமாகப் பதில் சொன்னாலோ, வெயில் தாக்கிவிட்டது என்று வைத்துக்கொண்டு அங்கேயே எல்லாரும் நின்றுவிடுங்கள். "அடுத்த பங்க் வரை ஓட்டிவிடுகிறேன்" என்று அவர் சொல்வதைக் கேட்காதீர்கள்.

குளிர்காலத்தில் பிரச்சினை நேர்மாறானது. டிசம்பரில் ஃபர்னஸ் க்ரீக்கில் பகல் 18 டிகிரி, இரவு 4 டிகிரி. அது கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கும் இடம். வைல்ட்ரோஸ் முகாம் சுமார் 1,250 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே இன்னும் எட்டு டிகிரி குறையும் என்று கணக்கு வைத்தால், விடியும்போது பாட்டிலில் தண்ணீர் உறைந்திருக்கும். மஹோகனி ஃபிளாட் முகாம் 2,400 மீட்டருக்கும் மேலே, அங்கே பனியே கிடக்கும். பாலைவனம்தானே என்று மெல்லிய ஸ்லீப்பிங் பேக் எடுத்துக்கொண்டு போகிறவர்கள்தான் இரவெல்லாம் நடுங்குகிறார்கள். பூஜ்ய டிகிரி தாங்கும் பையும், அடியில் விரிக்க நல்ல பாயும் வேண்டும். குளிர் தரையிலிருந்துதான் ஏறும். இன்னொன்று, டிசம்பரில் மாலை நாலரை மணிக்கே சூரியன் மறைந்துவிடும். மூன்றரைக்குள் முகாமில் இருக்கும்படி நாளை அமைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பெட்ரோல். பூங்காவுக்குள் மூன்றே இடத்தில்தான் கிடைக்கும்: ஃபர்னஸ் க்ரீக், ஸ்டவ்பைப் வெல்ஸ், பேனமின்ட் ஸ்பிரிங்ஸ். விலை அதிகம், அதைப் பார்த்துத் தயங்காதீர்கள். வெளியே என்றால் மேற்கில் லோன் பைன், கிழக்கில் நெவாடாவின் பீட்டி, தெற்கில் ஷோஷோன். ஃபர்னஸ் க்ரீக்கிலிருந்து ஸ்டவ்பைப் வெல்ஸ் 40 கி.மீ., அங்கிருந்து பேனமின்ட் ஸ்பிரிங்ஸ் ஏறக்குறைய 50 கி.மீ. தார் ரோட்டில் சுற்றும்வரை யாருக்கும் கவலையில்லை.

ரேஸ்டிராக் போகும்போதுதான் கணக்கு மாறும். ஸ்டவ்பைப் வெல்ஸிலிருந்து யூபிஹிபி எரிமலைவாய் வரை தார், அதற்கப்புறம் 27 மைல், அதாவது 43 கி.மீ. மண்ரோடு. போய்த் திரும்ப ஏறக்குறைய 230 கி.மீ. ஆகும். நடுவில் முகாமுக்குத் திரும்புவது, வழி தவறுவது எல்லாம் சேர்த்து 260 என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கூட்டத்தில் கேஎல்ஆருக்கு 23 லிட்டர் டேங்க், அது தாராளம். டிஆர் 650 கம்பெனி டேங்க் 13 லிட்டர்தான். சுமையோடு, சரளையில், இரண்டாவது மூன்றாவது கியரில் லிட்டருக்கு 20 கி.மீ. என்றால் சரியாக விளிம்பில் நிற்கும். சிஆர்எஃப் 300எல் டேங்க் வெறும் 7.8 லிட்டர், நிச்சயம் போதாது. அந்த வண்டிக்கு ஒரு கேலன் கேன், அதாவது 3.8 லிட்டர், கட்டாயம் கட்டுங்கள். டிஆருக்கும் இரண்டு லிட்டர் கையில் இருக்கட்டும். "பெரிய பைக்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்" என்று நம்பிப் போகாதீர்கள். புதிய பைக்குகளின் டேங்க் வாயில் குழாய் நுழைவதே பாடு. கேனை விளிம்புவரை நிரப்பவும் கூடாது. காலையில் குளிரில் நிரப்பிய பெட்ரோல் மதிய வெயிலில் விரிந்து கசியும்.

மொத்தப் பயணத்தையும் மிகச் சின்ன டேங்குக்கும், மிக மெதுவான ஆளுக்கும் அளந்து போடுங்கள். தலைவர் வண்டி எவ்வளவு ஓடும் என்பது கணக்கிலேயே வரக்கூடாது.

தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர், குளிர்காலத்திலும் அதே. உறிஞ்சும் குழாய் வைத்த மூன்று லிட்டர் முதுகுப்பை நல்லது. ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஓட்டிக்கொண்டே குடிக்கலாம் என்றால்தான் ஆட்கள் குடிக்கிறார்கள். மீதித் தண்ணீரைப் பக்கப்பெட்டிகளின் அடியில் இரண்டு பக்கமும் சமமாக வையுங்கள். பின் கேரியரின் நுனியில் பத்து கிலோவைக் கட்டினால் முன்சக்கரம் லேசாகி, மணலில் ஹேண்டில் தானாக அலையும். ஓட்டத் தெரியாததால் விழுந்தோம் என்று நினைப்பவர்களில் பலர் மூட்டை கட்டிய விதத்தால்தான் விழுகிறார்கள்.

ரேஸ்டிராக் ரோடு தகரக்கூரையைத் தரையில் விரித்தது போல நெளிநெளியாக இருக்கும். அமெரிக்கர்கள் வாஷ்போர்டு என்பது இதைத்தான். நடுநடுவே கத்திபோல் கூரான கல். இரண்டும் இரண்டு விதத்தில் வண்டியைப் படுத்தும். நெளிவு ஆட்டி ஆட்டி போல்ட்டுகளைக் கழற்றும்: கேரியர், நம்பர் பிளேட், பக்கப்பெட்டிச் சட்டம், சீட்டையும் சுமையையும் தாங்கும் பின்சட்டமான சப்ஃபிரேம். கிளம்பும் முன் இந்த போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, போல்ட் தளராமல் பிடிக்கும் பசையான நீல லாக்டைட் ஒரு சொட்டு விட்டு முடுக்குங்கள். கேஎல்ஆர்காரர் சப்ஃபிரேமின் மேல் போல்ட்டுகளைத் தனியாகப் பார்க்கட்டும், அந்த வண்டியின் பழைய மாடல்களில் சுமையோடு அவை முறிவது பிரசித்தம். 6, 8 மி.மீ. போல்ட்டுகள் நாலைந்து, பெரிய ஜிப் டை இருபது கூட இருக்கட்டும். கல் டயரை அறுக்கும். தார் ரோட்டுக்கான 36 பிஎஸ்ஐ காற்றோடு போனால் டயர் கல்லில் வளைந்து கொடுக்காது, துள்ளும், வெட்டுப்படும். ரொம்ப இறக்கினால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டியூப் நசுங்கி இரண்டு ஓட்டை விழும். சுமை ஏற்றிய டியூப் டயருக்கு முன்னால் 24, பின்னால் 28 அளவில் வைப்பது பொருத்தம். எழுந்து நின்று ஓட்டுங்கள், திருப்பத்தில் முன் பிரேக்கைப் பிடிக்காதீர்கள்.

பஞ்சர் ஆகும் என்று வைத்துக்கொண்டே போங்கள். டியூப்லெஸ் வண்டிக்குத் திரி அடைக்கும் பெட்டி போதும். டியூப் வண்டிக்கு டயர் லீவர் மூன்று, சக்கர அச்சுக்கான ஸ்பேனர், பேட்டரியில் ஓடும் சின்ன கம்ப்ரஸர், 21 இஞ்ச் டியூப் இரண்டு. பின்சக்கரத்துக்கான டியூப் தீர்ந்துவிட்டால் 21 இஞ்ச் டியூபைப் பின்னால் மடிப்பில்லாமல் திணித்து, மெதுவாக ஓட்டி வெளியே வந்துவிடலாம். பின் டியூப் முன்னால் நுழையாது.

கூட்டமாகப் போவதில் உருப்படியான லாபம் கிடைப்பது இங்கேதான். ரிம்மோடு ஒட்டிக்கொண்ட டயர் ஓரத்தை ஒற்றை ஆள் காலால் மிதித்துப் பிரிக்கத் திணறுவார். கழற்றிய சக்கரத்தைத் தரையில் படுக்கவைத்து, இன்னொரு பைக்கின் சைடு ஸ்டாண்டை ரிம்முக்கு ஒட்டினாற்போல் டயர் மேல் வைத்து, அந்தப் பைக்கை ஸ்டாண்டு பக்கம் மெல்லச் சாய்த்தால் 'டப்' என்று பிரியும். ஸ்டாண்டு ரிம்மிலோ பிரேக் டிஸ்க்கிலோ படக்கூடாது. டியூபை உருவியதும் டயருக்குள் துணியைச் சுற்றித் துழாவுங்கள், வெறுங்கை வேண்டாம். முள்ளோ கல்லோ அங்கேயே இருந்தால் புது டியூபும் பத்து நிமிடத்தில் போய்விடும். புது டியூபுக்கு உருண்டை பிடிக்கும் அளவு மட்டும் காற்றடித்து உள்ளே வையுங்கள். கடைசி அரை அடி டயரை ஏற்றும்போது லீவர் கல்லாக இறுகினால் பலத்தைக் கூட்டாதீர்கள். எதிர்ப்பக்க ஓரம் ரிம்மின் நடுப்பள்ளத்தில் இறங்கவில்லை என்று அர்த்தம். ஒருவர் அங்கே முழங்காலை வைத்து அமுக்கினால் இங்கே தானாகத் தளரும். பலத்தால் ஏற்றினால் லீவர் நுனி புது டியூபைக் கடித்துவிடும். கட்டிய டியூபில் மறுபடி காற்று இறங்குவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

வரிசை: முதலில் வழி தெரிந்தவர். இரண்டாவதாக மெதுவாக ஓட்டுபவர், அவர் வேகம்தான் கூட்டத்தின் வேகம். கடைசியில் கைதேர்ந்தவர், கருவிகளும் முதலுதவிப் பையும் அவரிடம். கிளைரோடு வரும் இடத்தில் முன்னவர் ஒருவரைக் கைகாட்டியாக நிறுத்திவிட்டுப் போவார், கடைசி ஆள் வரும்வரை அவர் அங்கிருந்து நகரக்கூடாது. மண்ரோட்டில் ஆளுக்கு ஆள் அரை கிலோமீட்டர் இடைவெளி விடுங்கள். காற்றில்லாத காலையில் தூசி அப்படியே தொங்கும், எதிர்வெயிலில் முன்னால் நிற்கும் வண்டியே தெரியாது. பூங்காவின் பெரும்பகுதியில் செல்போன் சிக்னல் கிடையாது. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி ஒன்று முன்னவரிடம், ஒன்று கடைசி ஆளிடம். மண்ரோட்டிலிருந்து வண்டியை இழுத்துவர ஆயிரம் டாலரைச் சுலபமாகத் தாண்டும்.

லிப்பின்காட் மலைரோடும் மெங்கல் கணவாயும் மூட்டை கட்டிய பைக்குக்கு வேண்டாம். சரளை பழக நினைத்தால் கிரீன்வாட்டர் வேலி ரோடு நல்லது. ரோட்டை விட்டு ஒரு சக்கரம்கூட இறங்கக்கூடாது, அது சட்டம். பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் ரேஸ்டிராக் களிமண் தரையில் ஏற்றிய டயர்த்தடம் பல வருடம் அழியாது. ஈரமாக இருந்தால் கால்கூட வைக்காதீர்கள். அங்கே தானாக நகரும் கற்களைப் பார்க்கத்தான் அத்தனை தூரம் போகிறீர்கள். மெல்லிய பனித்தகடும் காற்றும் சேர்ந்து அவற்றைத் தள்ளுகின்றன என்பது 2014-இல்தான் உறுதியானது. அந்தத் தடத்தை நம் காலடி கெடுத்தால் அடுத்தவர் என்னத்தைப் பார்ப்பார்?

தங்க ஃபர்னஸ் க்ரீக் முகாம் வசதி. அக்டோபர் 15 முதல் ஏப்ரல் 15 வரை முன்பதிவு உண்டு, ரிக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் ஆறு மாதம் முன்னதாகவே போட்டுவிடுங்கள். ஓர் இடத்தில் எத்தனை வண்டி நிறுத்தலாம் என்பதைப் பதிவின்போதே பாருங்கள், ஏழு பைக்குக்கு இரண்டு இடம் தேவைப்படும். ரேஸ்டிராக்குக்கு முந்தைய இரவு மெஸ்கீட் ஸ்பிரிங் முகாம் கிட்டே இருக்கும். அங்கே தண்ணீர் உண்டு, பெட்ரோல் இல்லை. முகாம்களுக்கு வெளியே, காட்டுரோட்டு ஓரத்தில் தங்க வண்டி எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, நெருப்பு மூட்டவும் கூடாது. ஏழு பைக்கோடு அந்த யோசனையை விட்டுவிடலாம். விறகு பொறுக்குவது எங்கேயும் தடை. பூங்கா நுழைவு பைக்குக்கு 25 டாலர், ஏழு நாள் செல்லும், கார்டு மட்டும்.

கூடாரம் தானாக நிற்கும் வகையாக இருக்கட்டும். தரை இறுகிய சரளை, கம்பி முளை வளைந்துவிடும். மூலைக்கு ஒரு தலையளவு கல்லைக் கயிற்றில் கட்டுங்கள். ஆள் உள்ளே இல்லாத கூடாரத்தை மாலைக்காற்று உருட்டிக்கொண்டு போகும், அதனால் மூட்டைகளை உள்ளே போட்ட பிறகே கையை எடுங்கள். சைடு ஸ்டாண்டுக்கு அடியில் உள்ளங்கையளவு பலகை. சாப்பாட்டை டேங்க் பையில் விடாதீர்கள், அண்டங்காக்கை ஜிப்பைத் திறக்கும்.

காய்ந்த ஓடைப்படுகையில் மட்டும் படுக்காதீர்கள். வருடத்துக்கே இரண்டு இஞ்ச் மழை பெய்யும் ஊரில் 2023 ஆகஸ்ட் 20 அன்று ஒரே நாளில் 2.2 இஞ்ச் கொட்டி, பூங்காவையே ஏறக்குறைய இரண்டு மாதம் மூடினார்கள். ரோடுகள் அடிக்கடி அரித்துப் போகும். கிளம்பும் நாள் காலையில் பூங்காவின் ரோடு நிலவரத்தைப் பார்த்துவிட்டு வழியை உறுதி செய்யுங்கள். வாடகை பைக் என்றால் ஒப்பந்தத்தைப் படியுங்கள், பலவற்றில் மண்ரோடு கூடாது என்றிருக்கும்.

திரும்பும்போது யூபிஹிபியில் தார் தொடங்கும் இடத்திலேயே நின்று டயர்க் காற்றைப் பழைய அளவுக்கு ஏற்றுங்கள். ஸ்போக்குகளை ஸ்பேனரால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்காமல் மொத்தையாகக் கேட்பது தளர்ந்தது, அதை அங்கேயே முடுக்கிவிட்டு ஏறுங்கள்.