தமிழில் பேசினார்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஜூன் மாதம் இலங்கைக்கு வந்திருந்தேன். நீர்கொழும்பில் பைக் வாடகைக்கு எடுத்து, தம்புள்ளை, ஹபரணை வழியாகத் திருகோணமலை வந்தேன். கோணேசரைக் கும்பிட்டுவிட்டு மறுநாள் புல்மோட்டை ரோட்டில் போனேன். இறக்கக்கண்டிப் பாலம் தாண்டியதும், பின்னால் வந்த இரண்டு பையன்கள் "அண்ணா, பின் டயர்ல காத்து இல்ல" என்று கை காட்டினார்கள். இறங்கினேன். ஒருவன் என்னோடு குனிந்து டயரை அமுக்கிப் பார்த்து, மதுரையா என்று கேட்டு, ஊர்க்கதை பேசினான். அவர்கள் போன பிறகுதான் டேங்க் மேல் இருந்த பை இல்லை என்று தெரிந்தது. பாஸ்போர்ட், கேமரா, பணம், அப்பாவின் பழைய கைக்கடிகாரம் எல்லாம் அதில் இருந்தன. டயரில் காற்று சரியாகவே இருந்தது.

போலீஸில் சிங்களத்தில் எழுதினார்கள், கையெழுத்துப் போட்டேன். யாழ்ப்பாணத்தில் இந்தியத் துணைத் தூதரகத்தில் அவசரச் சான்றிதழ் வாங்கி ஊர் திரும்பினேன். சிங்கள ஊர்களில் பையை இறுகப் பிடித்தபடி வந்தவன், தமிழைக் கேட்டதும் விட்டுவிட்டேன். நம்ம ஆட்கள் என்று நம்பியதுதான் என் தப்பா? இனி தனியாக வெளிநாட்டில் பைக் ஓட்டவே தோன்றவில்லை.

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்தை இங்கே திருகோணமலைக்குப் பக்கத்தில் உப்புவெளியில் தங்குமிடம் நடத்தும் நண்பர் ஒருவரிடம் காட்டினேன். "இதைப் போடாதீங்க" என்றார். சித்திரை தொடங்கிப் புரட்டாசி வரைதான் எங்கள் கடற்கரைக்கு ஆட்கள் வருவார்கள். பிறகு வாடைமழை, கடலும் குழம்பிவிடும். அந்த ஆறு மாத வருமானத்தில்தான் அவர் வருடம் முழுவதையும் ஓட்டுகிறார். அவருடைய பயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் போடுகிறேன். அந்தப் பையன்கள் இன்னும் அதே வீதியில்தான் திரிகிறார்கள். அடுத்து வருகிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

அவர்கள் செய்தது பல நாடுகளில் நடக்கிற வேலை. டயரில் காற்று இல்லை, எண்ணெய் ஒழுகுகிறது, ஏதோ ஒன்றைச் சொல்வார்கள். ஓட்டுகிறவர் இறங்கிப் பின்னால் குனிவார், பை முன்னால் இருக்கும். ஒருவன் பேச்சுக் கொடுப்பான், மற்றவன் எடுப்பான். யாராவது அப்படிச் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு, கடையோ ஆள்நடமாட்டமோ உள்ள இடம்வரை மெதுவாகப் போய் நிறுத்துங்கள். உண்மையிலேயே காற்று இல்லாவிட்டால் வண்டி ஆடுவதிலேயே தெரிந்துவிடும். கடவுச்சீட்டு வண்டியில் இருக்கவே கூடாது, உடம்போடு இருக்க வேண்டும்.

இதை நான் படித்துச் சொல்லவில்லை. 2018-இல் சென்னையில் ஒரு மோட்டார் சைக்கிள் வாடகைக்கு எடுத்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் தனுஷ்கோடிக்குப் புறப்பட்டேன். அரிச்சல்முனையில் நின்று எங்கள் தலைமன்னார்ப் பக்கம் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. தொண்டிக்கு முன்னால் ஒரு தேநீர்க் கடையில் ஒருவர் "சிலோனா?" என்று கேட்டார். ஆம் என்றதும் தேநீருக்கு அவரே காசு கொடுத்தார். எங்கள் சண்டைக்காலத்தைப் பற்றிக் கேட்டுக் கண்கலங்கினார். நானும் கலங்கினேன். எழுந்து வந்து பார்த்தால் பின்சீட்டில் கட்டியிருந்த பையின் வார் அறுக்கப்பட்டிருந்தது, பை இல்லை. திரும்பிப் பார்த்தேன், அவரும் இல்லை.

பொலிஸ் நிலையத்தில் முதல் கேள்வி, "எந்த முகாம்?" தமிழ்நாட்டில் கையில் ஒரு கடதாசியும் இல்லாமல் நிற்கிற இலங்கைத் தமிழனிடம் வேறு என்ன கேட்பார்கள்? நான் அகதியாக வரவில்லை, விசா எடுத்து வந்தவன் என்பதைக் காட்ட என்னிடம் எதுவும் இல்லை. மாலைவரை ஒரு வாங்கில் இருந்தேன். காப்பாற்றியது முதல்நாள் இரவு தங்கிய விடுதி. இந்தியாவில் வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் விடுதிக்காரர் அவர் விவரத்தை அரசிடம் பதிய வேண்டும். அதற்காக எடுத்த கடவுச்சீட்டுப் பிரதியை அந்த விடுதிப் பையன் வாட்ஸ்அப்பில் அனுப்பினான். பிறகு சென்னையில் எங்கள் துணைத் தூதரகத்தில் தற்காலிகப் பயணப் பத்திரம், வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் வெளியேறும் அனுமதி என்று பதினொரு நாள் போனது. அரிச்சல்முனையை நான் இன்றுவரை பார்க்கவில்லை.

ஆனால் எனக்கு இன்னும் ஆறாத விஷயம் அது இல்லை. ஊர் திரும்பி இரண்டு மாதம் இருக்கும். மூதூரிலிருந்து வரும்போது கிண்ணியாப் பாலத்துக்குக் கிட்ட என் வண்டி நின்றுவிட்டது. நல்ல கச்சான் காற்று, வெயில். பதினைந்து வயதுப் பையன் ஒருவன் சைக்கிளில் வந்து இறங்கி, "என்ன அங்கிள், தள்ளிவிடவா?" என்று கேட்டான். "போடா" என்று கத்தினேன். அவன் முகம் சுருங்கியது. ஒன்றும் பேசாமல் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனான். தொண்டியில் என் பையை அறுத்தவனுக்குச் சொல்ல வேண்டியதை அந்தப் பிள்ளைக்குச் சொல்லிவிட்டேன். பிறகு இரண்டு தடவை அந்தப் பக்கம் தேடிப்போனேன். அவன் யாரென்றே தெரியவில்லை.

ஆகவே, நம்பியது உங்கள் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். "தனியாக ஏன் போனாய்?" என்று கேட்கிறவர்களுக்கு நீங்கள் பதில் சொல்லவும் தேவையில்லை. களவு எடுத்தவன் பொறுப்பு அது. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். தம்புள்ளையிலும் ஹபரணையிலும் உங்கள் பையை யாரும் தொடவில்லை. அங்கே பயந்ததும் இங்கே பயத்தை விட்டதும் ஆளைப் பார்த்து அல்ல, மொழியைப் பார்த்து. நானும் தொண்டியில் அதைத்தான் செய்தேன். தமிழ் தெரிந்த கள்ளனும் இருப்பான், தமிழே தெரியாமல் உங்கள் வண்டியைத் தள்ளிவிடுகிறவனும் இருப்பான்.

முறைப்பாடு பற்றி. 1987-இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்திலிருந்து தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்லிக் கேட்டிருக்கலாம். குறைந்தது, கையெழுத்துக்கு முன் தமிழில் வாசித்துக் காட்டும்படி கேட்டிருக்க வேண்டும். அந்தக் களைப்பில் யாருக்கு அது தோன்றும், எனக்கும் தோன்றியிருக்காது. உங்களிடம் உள்ள முறைப்பாட்டுப் பிரதியைப் படமெடுத்து அனுப்புங்கள், சிங்களம் தெரிந்த நண்பரைக் கொண்டு வரிவரியாக மொழிபெயர்த்துத் தருகிறேன். கடிகாரம் அதில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுத் தம்பியோடு இறக்கக்கண்டிக்குப் போனேன். கள்ளர்கள் பணத்தை எடுத்துக்கொண்டு கடதாசிகளைப் பற்றைக்குள் எறிவதுண்டு. பாலத்திலிருந்து வீதியின் இரண்டு பக்கமும் தேடினோம். மஞ்சள் நிறத்தில், பையின் மேல் போடுகிற மழையுறை ஒன்று கிடைத்தது. உங்களுடையதா? அப்பாவின் கடிகாரம் என்ன மாதிரி, பின்மூடியில் கீறலோ எழுத்தோ உண்டா என்று எழுதுங்கள். டவுனில் கடிகாரம் திருத்துகிறவர்கள் இரண்டு பேரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், அவர்கள் அடையாளம் கேட்கிறார்கள்.